சிற்றுண்ணி, எலி, கூலி உழைப்பு: ஸ்க்ரப் டைபஸ் பரவும் வழி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கும் நாட்களில், வேலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஒரு காய்ச்சல் ஆண்டு தவறாமல் தலைகாட்டுகிறது. கடும் தலைவலி, உடல்வலி, குளிர் நடுக்கம் எனத் தொடங்கும் இக்காய்ச்சல் ஊசிக்கும் பாராசிட்டமால் மாத்திரைக்கும் ஓரிரு மணி நேரம் இறங்கி மீண்டும் ஏறுகிறது. மலேரியாவுக்கும் டெங்குவுக்கும் பரிசோதிக்கிறார்கள். இரண்டும் இல்லை என்று வருகிறது. 'வைரஸ் காய்ச்சல், தானாகச் சரியாகிவிடும்' என்று சொல்லி அனுப்புகிறார்கள். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ மூச்சுத் திணறலுடன் அல்லது நினைவு தப்பிய நிலையில் அந்த மனிதர் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். அங்கே ஆடையை விலக்கித் தேடும் மருத்துவர் ஒருவர், இடுப்பிலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ, பீடி நெருப்பால் சுட்டதுபோன்ற சிறு கரும்பொருக்கைக் காண்கிறார். நோயின் பெயர் அப்போதுதான் தெரியவருகிறது: ஸ்க்ரப் டைபஸ்.

தொடக்கத்திலேயே கண்டுகொண்டால், எந்த அரசு மருந்துக் கிடங்கிலும் இருக்கக்கூடிய டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மாத்திரையால் இந்நோய் இரண்டொரு நாளில் அடங்கிவிடும். இவ்வளவு எளிதில் குணமாகும் நோய் ஏன் இன்னும் உயிர்களைப் பறிக்கிறது, யாருடைய உயிர்களைப் பறிக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை காண, முதலில் அது பரவும் வழியைத் தெளிவாக அறிய வேண்டும். அந்த வழியைத் தவறாகப் புரிந்துகொண்டால் பழி தவறான மக்கள்மீது விழும்.

பெயரில் உள்ள குழப்பம்

தமிழ் நாளிதழ்கள் இதனை 'உண்ணிக் காய்ச்சல்' என எழுதுகின்றன. வழக்கில் நிலைத்துவிட்ட பெயர்தான். ஆனால் சரியான பெயரன்று. உண்ணி என்றதும் நம் மக்கள் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் கொழுத்துத் தொங்கும் பூச்சியையே நினைக்கிறார்கள். மாட்டுத் தொழுவத்தைச் சுத்தம் செய்தால் போதும் என்றும், தங்களிடம் மாடே இல்லையே என்றும் எண்ணிவிடுகிறார்கள். இந்நோயைப் பரப்புவது அந்த உண்ணியன்று. மண்ணில் வாழும் சிற்றுண்ணி என்னும் வேறோர் உயிரி அது. அதிலும் முழு வளர்ச்சி பெற்ற சிற்றுண்ணி மனிதரைக் கடிப்பதே இல்லை. கடிப்பது அதன் லார்வா மட்டுமே. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே உள்ள, செம்மஞ்சள் நிறமான அந்த லார்வாவை வெறுங்கண்ணால் காண்பது அரிது. கடிக்கும்போது வலியும் பெரும்பாலும் தெரிவதில்லை. 'உன்னை ஏதாவது பூச்சி கடித்ததா?' என்று கேட்கும் மருத்துவரிடம் நோயாளி 'இல்லை' என்று சொல்வது இதனால்தான். அவர் சொல்வது அவரளவில் உண்மை.

'ஸ்க்ரப்' என்பது புதர்க்காட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஆனால் இந்நோய் புதர்க்காட்டில் மட்டும் வருவதன்று. வயல் வரப்பு, ஆற்றங்கரை, தரிசு நிலம், வீட்டுக் கொல்லை, சுடுகாட்டுப் பாதை என ஈரமும் புல்லும் எலியும் சேர்ந்திருக்கும் இடம் எதுவும் அதற்குப் போதும்.

சிற்றுண்ணியின் வாழ்க்கை

நோயை உண்டாக்கும் நுண்ணுயிரியின் பெயர் ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி. 'சுட்சுகாமுஷி' என்ற ஜப்பானியச் சொல் நோய்தரும் பூச்சியைக் குறிக்கிறது. ஜப்பானின் நீகாட்டா, அகிட்டா, யமகாட்டா பகுதிகளில், வெள்ளம் வடிந்த ஆற்றங்கரைகளில் பயிர்செய்த உழவர்கள் இந்நோயால் மடிந்தனர். 1879-இல் பெல்ட்ஸ், கவகாமி ஆகியோர் இதனை ஆற்று வெள்ளக் காய்ச்சல் என மருத்துவ உலகுக்கு விவரித்தனர். நுண்ணுயிரி இனங்காணப்பட்டது 1930-களின் தொடக்கத்தில். நெடுங்காலம் ரிக்கட்சியா இனத்தில் வைக்கப்பட்டிருந்த அது 1995-இல் ஒரியன்ஷியா என்ற தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது.

சிற்றுண்ணியின் வாழ்வில் முட்டை, லார்வா, இளம்பருவம், முதிர்பருவம் எனப் பல நிலைகள் உள்ளன. இளம்பருவத்திலும் முதிர்பருவத்திலும் அது மண்ணுக்குள் பிற பூச்சிகளின் முட்டைகளை உண்டு வாழ்கிறது. லார்வா நிலையில் மட்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, வெப்பரத்த விலங்கொன்றின் தோலில் அமர்ந்து உணவு கொள்ள வேண்டும். மண்ணிலிருந்து ஏறிப் புல்நுனியிலும் சருகின் விளிம்பிலும் கூட்டமாகக் காத்திருக்கும் லார்வாக்கள், விலங்கு நெருங்கும்போது அதன் மூச்சுக்காற்றையும் அசைவையும் உணர்ந்து தொற்றிக்கொள்கின்றன. அவை குடிப்பது இரத்தமன்று. உமிழ்நீரால் தோலின் திசுவைக் கரைத்து, அந்தக் கரைசலை உறிஞ்சுகின்றன. சில நாட்கள் இப்படி உண்டபின் உதிர்ந்து மண்ணுக்குத் திரும்புகின்றன.

அவற்றின் இயல்பான புரவலர்கள் எலியினங்கள்: வயல் எலி, பெருச்சாளி, வீட்டெலி, சுண்டெலி, வெள்ளெலி. எலியாகத் தோன்றினாலும் எலியினத்தைச் சேராத மூஞ்சூறும் தென்னிந்திய ஆய்வுகளில் ஏராளமான லார்வாக்களைச் சுமந்திருக்கக் காணப்பட்டுள்ளது. எலியின் காதுமடலுக்குள் செம்மஞ்சள் பொடி தூவியதுபோல் அவை ஒட்டியிருக்கும். இந்தியாவில் இந்நோயைப் பரப்பும் முதன்மைச் சிற்றுண்ணி லெப்டோட்ராம்பிடியம் டெலியன்ஸ் என்ற இனம்.

இங்கே பலரும் பிழையாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொசு ஒரு நோயாளியிடமிருந்து மலேரியாவை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறது. சிற்றுண்ணி லார்வாவோ ஒரே ஒரு முறைதான் உண்கிறது. ஆகவே ஒரு விலங்கிடமிருந்து எடுத்ததை அதே லார்வா மற்றொன்றுக்குக் கொடுக்க வழியில்லை. நோய் எப்படித் தொடர்கிறது? நுண்ணுயிரி தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது. கடிக்கும் லார்வா பிறக்கும்போதே தொற்றுடன் பிறந்தது. அதாவது, நோயின் கிடங்கும் நோயைச் சுமக்கும் வண்டியும் சிற்றுண்ணியே. எலியின் பங்கு, சிற்றுண்ணிக் குலத்துக்கு உணவளித்து அதனைப் பெருக்குவதும், வளைவிட்டு வளை செல்லும்போது அதனைப் புதிய இடங்களுக்குக் கொண்டுசேர்ப்பதும் ஆகும். எலியைத் தொடுவதாலோ, எலி கடிப்பதாலோ, எலிக்கறி உண்பதாலோ ஸ்க்ரப் டைபஸ் வருவதில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ், முற்றிலும் வேறு நோய். ஒரு மனிதரிடமிருந்து மற்றொருவருக்கும் ஸ்க்ரப் டைபஸ் தொற்றாது. மனிதர் இந்தச் சுழற்சியில் தற்செயலாக இடறி விழுபவர். அவரோடு அந்தச் சங்கிலி அறுந்துபோகிறது.

சிற்றுண்ணிகள் எல்லா இடத்திலும் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஈரமும் நிழலும் எலி வளையும் பொருந்திய சில சதுர மீட்டர் நிலத்தில் குவிந்து கிடக்கும். பக்கத்து நிலத்தில் ஒன்றும் இராது. ஆய்வாளர்கள் இவற்றைச் 'சிற்றுண்ணித் தீவுகள்' என்கிறார்கள். ஒரே தெருவில் ஒரு குடும்பம் மட்டும் அடுத்தடுத்து நோயுறுவதற்கு இது ஒரு காரணம். அந்தத் தீவில் யார் காலடி படுகிறது என்பதே யாருக்கு நோய் வரும் என்பதை முடிவுசெய்கிறது. இந்த இடத்தில்தான் பூச்சியியல் முடிந்து சமூகவியல் தொடங்குகிறது.

யார் காலடி படுகிறது

நுண்ணுயிரிக்குச் சாதி தெரியாது என்பது சரி. நிலவுடைமையாளரின் மகனும், நகரத்திலிருந்து மலையேற வந்தவரும் இந்நோயால் பாதிக்கப்பட்டதுண்டு. ஆனால் புல்லோடும் மண்ணோடும் உடல் உராயும் நேரம் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. நிலம் ஒருவரிடமும் உழைப்பு வேறொருவரிடமும் இருக்கும் கிராமத்தில், வரப்பின்மேல் நின்று பார்ப்பவரும் வயலுக்குள் குனிந்து நிற்பவரும் ஒரே அளவு ஆபத்தில் இல்லை. களை பறித்தல், அறுத்த கதிரைக் கட்டித் தூக்குதல், நிலக்கடலைச் செடி பிடுங்குதல், மாட்டுக்குப் புல்லறுத்தல், சீமைக்கருவேல முட்புதரில் விறகு வெட்டுதல், ஊரக வேலைத் திட்டத்தில் வாய்க்கால் புதரை அகற்றுதல்: இவற்றில் பெரும் பங்கைச் செய்வோர் நிலமற்ற தலித், பழங்குடி மக்கள். அவர்களிலும் பெண்களே அதிகம். களையெடுப்பு முழுக்க முழுக்கப் பெண்களின் வேலை. குந்தியும் குனிந்தும் மணிக்கணக்கில் செய்யும் வேலை. ஓய்வு வேளையில் உட்காருவதும் படுப்பதும் அதே புல்தரையில்தான்.

சேரிகள் எங்கே அமைந்திருக்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே, பள்ளத்தில், ஏரிக்கரை ஓரத்தில், சுடுகாட்டுப் பாதையில், தரிசும் புதரும் வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் அவை தள்ளப்பட்டிருக்கின்றன. இது தற்செயலன்று, சாதி வகுத்த நில வரைபடம். புதருக்கும் வயலுக்கும் இடைப்பட்ட விளிம்புதான் எலிக்கும் சிற்றுண்ணிக்கும் மிக உகந்த இடம் என்பதைப் பூச்சியியல் நூல்கள் கூறுகின்றன. விளிம்புநிலை என்ற சொல்லை நாம் உருவகமாகப் பயன்படுத்துகிறோம். இங்கு அதற்கு நேர்ப்பொருளே உண்டு.

உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர், தேவரியா மாவட்டங்களில் குழந்தைகளிடையே நடந்த ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. வயலில் விளையாடுதல், கால்நடைத் தீவனத்தைக் கையாளுதல், விறகை வீட்டுக்குள் சேமித்தல், திறந்தவெளியில் மலம் கழித்தல் ஆகியவை நோய்வாய்ப்பைக் கூட்டுவதாக அது காட்டியது. நான்கையும் ஒருமுறை மீண்டும் படியுங்கள். குழந்தைக்கு வேறு விளையாட்டிடம் இல்லாமை, வேறு எரிபொருள் இல்லாமை, கழிப்பறை இல்லாமை அல்லது கட்டிய கழிப்பறையில் தண்ணீர் இல்லாமை என்று அவை விரியும். மருத்துவ இதழில் 'ஆபத்துக் காரணி' எனப் பெயர் பெறுவது கிராமத்தில் ஏழ்மையின் அன்றாடம்.

கோரக்பூர் தந்த பாடம்

கோரக்பூர் வட்டாரத்தில் 1978 முதலே மழைக்காலந்தோறும் குழந்தைகள் காய்ச்சலும் வலிப்பும் கண்டு, நினைவிழந்து இறந்துவந்தனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சலே காரணம் எனக் கருதப்பட்டது. 2005-ஆம் ஆண்டின் பெருந்தொற்றில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டே ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. அந்த வைரசால் வரும் நோய் குறைந்தது. ஆனால் குழந்தைகள் சாவது நிற்கவில்லை. 'கடும் மூளைக்காய்ச்சல் தொகுதி' என்ற பொதுப்பெயரின்கீழ் காரணம் தெரியாத சாவுகள் ஆண்டாண்டாகப் பதிவாயின. குடிநீர்வழி வைரஸ்கள்மீது ஐயம் எழுந்தது. 2015, 2016-ஆம் ஆண்டுகளின் நோயாளிகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக அறிவியலாளர்கள் முறையாகச் சோதித்தபோது, அவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ஸ்க்ரப் டைபஸால் பாதிக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. சிற்றுண்ணியின் கடியில் தொடங்கிய காய்ச்சல், மருந்தின்றி நாட்கள் கடந்ததால் மூளைவரை சென்றிருந்தது.

ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே, காய்ச்சலின் முதல் நாட்களிலேயே, டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுக்கும் முறை அதன்பின் அங்கே கொண்டுவரப்பட்டது. மலிவான மாத்திரை ஒன்றால் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் வேறு பெயரில் எழுதப்பட்டன என்பதைக் கணக்கிட யாரிடமும் ஏடில்லை. அந்த மாவட்டங்களின் மிக வறிய மக்களுள் முசாகர் என்னும் தலித் சமூகத்தினர் உள்ளனர். எலி பிடிப்பதை அவர்களின் சாதித் தொழிலாக்கி, அதையே அவர்களின் இழிவாகவும் ஆக்கியது சாதியச் சமூகம். 'எலி', 'நோய்' என்ற இரு சொற்களும் ஒரே செய்தியில் வரும்போது பழி யார் பக்கம் திரும்பும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

தமிழ்நாட்டிலும் இந்த எச்சரிக்கை பொருந்தும். வயல் எலி பிடிப்பதில் தேர்ந்த இருளர் மக்கள் உழவர்களின் தானியத்தைக் காப்பவர்கள். எலி வளையைத் தோண்டி அதில் சேர்ந்த நெல்லை எடுப்பது அவர்களுக்கும் கூலித் தொழிலாளர்க்கும் பஞ்சகால உணவாக இருந்திருக்கிறது. வளையின் வாய்ப்புறம் லார்வாக்கள் அடர்ந்திருக்கும் இடம். ஆகவே அவர்கள் நோய்க்கு மிக அருகில் உள்ளவர்கள். நோயைக் கொண்டுவருபவர்களல்லர். இந்த வேறுபாட்டை விழிப்புணர்வுப் பிரசுரங்கள் தெளிவாக எழுத வேண்டும். எலியை மட்டும் கண்மூடித்தனமாக நஞ்சிட்டுக் கொல்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. புரவலனை இழந்த பசித்த லார்வாக்கள் மனிதரைத் தேடும். சிற்றுண்ணியையும் புதரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தாத எலி ஒழிப்பு, நோயைக் கூட்டவும் கூடும் என்பது பொதுச் சுகாதாரத் துறையினர் அறிந்த செய்தி.

உடலுக்குள் நடப்பது

கடித்த ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சல் தொடங்கும். நுண்ணுயிரி முதலில் கடிவாயில் பெருகி அங்குள்ள திசுவைச் சாகடிக்கிறது. அதுவே எஸ்கார் எனப்படும் கரும்பொருக்கு. பக்கத்து நெறிக்கட்டி வீங்கும். பின்னர் இரத்தத்தில் கலந்து நுண்குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. இரத்தக்குழாய் இல்லாத உறுப்பு உடலில் இல்லையாதலால் நுரையீரல், மூளை, சிறுநீரகம், கல்லீரல் எனப் பலவும் ஒரே நேரத்தில் பழுதடைய முடிகிறது. மருத்துவம் இன்றி விட்டால் இறப்பு விகிதம் இடத்துக்கு இடம் மிகவும் மாறுபடுகிறது. மருத்துவம் கிடைத்தும் காலம் கடந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பதிவு ஒன்று உண்டு. 2005 முதல் 2010 வரை அங்குச் சேர்க்கப்பட்ட 623 நோயாளிகளில் நூற்றுக்கு ஒன்பது பேர் இறந்தனர்.

மருந்தைப் பற்றி மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று. இந்நுண்ணுயிரி மனித உயிரணுவுக்கு உள்ளேயே வாழ்வது. உயிரணுவுக்குள் சென்று செயல்படும் மருந்தே இதற்கு வேண்டும். கிராமங்களில் காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் அமாக்சிசிலின், செஃபிக்சிம் போன்றவை பயன்தருவதில்லை. ஊசிக்கும் மாத்திரைக்கும் நாள்தோறும் கூலியில் பாதியைக் கொடுத்தும் காய்ச்சல் இறங்காமல் போவதன் காரணம் இது. டாக்சிசைக்ளின் வேளைக்கு 100 மில்லிகிராமாக நாளைக்கு இருமுறை, ஏழு நாட்கள் என்பது பெரியவர்களுக்கான வழக்கமான அளவு. கருவுற்ற பெண்களுக்கு அசித்ரோமைசின் தருகிறார்கள். பெரும்பாலானோர்க்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணியும். தணிவதே நோயை ஓரளவு உறுதிசெய்யும். முற்றிய நோய்க்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே விடை கண்டார்கள். ஏழு மையங்களில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், இரு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைவிடச் சிக்கல்களை நன்கு குறைத்தது.

தடுப்பூசி இல்லை. நுண்ணுயிரியின் வகைகள் பலவாக இருப்பதும், ஒருமுறை வந்தபின் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் நீடிக்காததும் அதற்குத் தடைகள். ஆனாலும் இந்நோய் புறக்கணிக்கப்பட்டதன் வரலாற்றையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பர்மா, நியூ கினி முனைகளில் நேச நாட்டுப் படையினர் ஆயிரக்கணக்கில் இந்நோயுற்றபோது ஆய்வுகள் விரைந்து நடந்தன. சிற்றுண்ணியைக் கொல்லும் டைபியூட்டைல் தாலேட் தோய்த்த சீருடைகள் வீரர்களுக்குக் கொடுக்கப்பட்டன. 1948-இல் மலாயாவில் குளோராம்ஃபெனிக்கால் மருந்து வெற்றியுடன் சோதிக்கப்பட்டது. போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பியதும் அந்த ஆர்வம் வடிந்துவிட்டது. 1944-இல் ஒரு படைவீரனுக்குக் கிடைத்த மருந்தூட்டிய ஆடை, எண்பது ஆண்டுகள் கழித்தும் அதே பூச்சியின் நடுவே களையெடுக்கும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

தொடாமல் கண்டுபிடிக்க முடியாத நோய்

ஐஜிஎம் எலிசா என்னும் இரத்தப் பரிசோதனை இந்நோயைக் காட்டும். ஆனால் காய்ச்சலின் முதல் சில நாட்களில் அது பெரும்பாலும் காட்டாது. அதற்கான கருவி சிற்றூர் நிலையங்களில் இருப்பதுமில்லை. பழைய வெயில்-ஃபெலிக்ஸ் சோதனை நம்பத்தக்கதன்று. ஆகவே முதல் வாரத்தில் மருத்துவருக்கு உள்ள மிகச் சிறந்த சான்று அந்தக் கரும்பொருக்கு. வேலூர் ஆய்வுகளில் ஏறத்தாழப் பாதி நோயாளிகளிடம் அது காணப்பட்டது. தேடினால் மட்டுமே கிடைக்கும். லார்வா உடலில் ஏறி, ஆடை இறுக்கும் இடத்தில் தடைப்பட்டு அங்கேயே கடிக்கிறது: ஆண்களின் அரைஞாண் கயிற்றின்கீழ், தொடை இடுக்கில், பெண்களின் பாவாடை நாடா பதியும் இடுப்பில், மார்பின்கீழ், அக்குளில், குழந்தைகளின் காதுக்குப் பின்னால். வலிக்காது, அரிக்காது. நோயாளிக்கே தெரியாது.

ஆக, இந்நோயைக் கண்டறிய மருத்துவர் நோயாளியைத் தொட வேண்டும்; ஆடையை விலக்கிப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இந்தியாவில் இது வெறும் மருத்துவச் செயல் மட்டுமன்று. சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் சிற்றூர்களில் தலித் குழந்தைகளிடையே நடத்தி, 2010-இல் இந்திய தலித் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, சுகாதாரப் பணியாளர்கள் அக்குழந்தைகளைத் தொடுவதிலும், மருந்து கொடுப்பதிலும், அவர்களோடு செலவிடும் நேரத்திலும் பாகுபாடு காட்டியதைப் பதிவுசெய்தது. இங்கே அப்படியே நடக்கிறது என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவாறே 'எத்தனை நாளாகக் காய்ச்சல்' என்ற ஒற்றைக் கேள்வியோடு சீட்டு எழுதப்படும் காட்சி நமக்குப் புதிதன்று. சாதித் தயக்கம், நேரமின்மை, பெண் மருத்துவர் இல்லாமை, திரையிட்ட அறை இல்லாமை ஆகிய எதனால் அந்தப் பரிசோதனை நடவாமல் போனாலும் விளைவு ஒன்றே. வயலில் வேலை செய்த சேலையோடு வரும் பெண் ஆண் மருத்துவர் முன் இடுப்பைக் காட்டக் கூசுவாள். ஒரு செவிலியரும் ஒரு திரையும் இருந்தால் தீரும் சிக்கல் இது.

எண்ணிக்கையில் வராதவர்கள்

மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியே இந்நோயின் அளவு நெடுங்காலம் மதிப்பிடப்பட்டது. அந்தக் குறையைப் போக்கும் ஆய்வொன்று தமிழ்நாட்டில் நடந்துள்ளது. 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்ட மக்களை 2020 முதல் 2022 வரை வீடுவீடாகத் தொடர்ந்து கண்காணித்த அந்த ஆய்வு 2025-இல் வெளிவந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத் தொற்று நேர்வதையும், அவர்களில் ஒரு சிறு பகுதியினர்க்கே காய்ச்சல் வருவதையும், வந்தவர்களில் சிலருக்கு அது உயிராபத்தாக மாறுவதையும் அது காட்டியது. இது 'அரிய நோய்' என்ற எண்ணம் இனி நிற்காது. கிராமத்துக் கடுங்காய்ச்சல்களின் தலையாய காரணங்களில் ஒன்று இது.

ஆனால் நோய்க் கண்காணிப்பு அறிக்கைகள் மாவட்டத்தையும் எண்ணிக்கையையும் சொல்கின்றன. நோயுற்றவர் என்ன வேலை செய்பவர், எந்தச் சமூகத்தவர், ஊரின் எந்தப் பகுதியில் வாழ்பவர் என்பதைச் சொல்வதில்லை. எங்கே சிற்றுண்ணித் தீவு இருக்கிறது என்பதைக் காட்டக்கூடிய விவரங்களே விடுபட்டுப்போகின்றன. கிராமங்களில் பணியாற்றும் இயக்கத்தினரும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவரும் ஒரு பருவத்துக்கு இதனைத் தாமே தொகுக்க முடியும்: ஐந்து நாட்களுக்கு மேல் காய்ச்சல் கண்டவர் யார், அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் எந்த நிலத்தில் என்ன வேலை செய்தார், முதல் மருத்துவம் எங்கே, எத்தனையாவது நாளில் டாக்சிசைக்ளின் கிடைத்தது. நோயாளியின் ஒப்புதலோடும் பெயரை வெளியிடாமலும் செய்ய வேண்டிய வேலை.

தடுப்பு யார் பொறுப்பு

அரசின் பிரசுரங்கள் சொல்லும் அறிவுரைகள் தவறானவையல்ல. முழுக்கை ஆடை அணிவது, துணியைப் புதர்மேலும் புல்மேலும் உலர்த்தாதிருப்பது, வெறுந்தரையில் படுக்காமல் பாய் விரிப்பது, வேலை முடிந்ததும் உடை மாற்றிச் சோப்புத் தேய்த்துக் குளிப்பது ஆகியவை உண்மையில் பயன்தருபவை. உடலில் இன்னும் ஊன்றாத லார்வாக்கள் தேய்த்துக் குளித்தால் அகன்றுவிடும். ஆனால் மாலை ஆறு மணிக்குக் களைத்துத் திரும்பும் பெண் குளிக்க, தெருக்குழாயில் தண்ணீர் வர வேண்டும். உடை மாற்ற மாற்றுடை வேண்டும். துணி உலர்த்தக் கொடிகட்ட இடம் வேண்டும். 'புதர்ப் பக்கம் போகாதீர்' என்ற அறிவுரையை விறகு வெட்டிப் பிழைப்பவரிடம் சொல்வது பிழைக்காதே என்பதற்குச் சமம்.

எனவே கோரிக்கைகளை வேலை கொடுப்பவரிடமும் ஊராட்சியிடமும் சுகாதாரத் துறையிடமும் வைக்க வேண்டும். ஊரக வேலைத் திட்டத்தில் புதர் அகற்றும் பணிக்குக் கால்மூடிய காலணியும் பூச்சிவிரட்டிக் களிம்பும் பணிக்கருவியாகவே தரப்படலாம். குடியிருப்பை ஒட்டிய புதரை மழைக்குமுன் அகற்றுவது ஊராட்சியின் கடமை. அதைச் சேரிப் பகுதியில் கடைசியாகச் செய்வதோ செய்யாமலே விடுவதோ கேள்விக்குரியது. புரட்டாசி முதல் மாசி வரை ஒவ்வொரு ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் துணைநிலையத்திலும் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இருப்பு எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். கிராமச் செவிலியர் ஐந்து நாள் காய்ச்சலைக் கண்டால் கரும்பொருக்கைத் தேடப் பயிற்சி தரப்பட்டுள்ளதா என்றும் கேட்கலாம்.

சட்டத்தில் ஒரு சிறு வாயில் திறந்திருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்வழி நோய்களைப் பட்டியலிடுகிறது. தொற்றுக்கு உள்ளாகும் தனிப்பட்ட ஆபத்துள்ள வேலையில் வந்த தொற்றுநோய்கள் அதன் முதல் இனம். மருத்துவமனை ஊழியரையும் கால்நடைப் பணியாளரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட இனம் அது. ஆனால் 'தனிப்பட்ட ஆபத்துள்ள பிற வேலை' என்ற சொற்களும் அதில் இடம்பெற்றுள்ளன. தொற்றுள்ள நிலத்தில் களையெடுத்து, பத்தாம் நாள் மூச்சுத் திணறி இறந்த கூலித் தொழிலாளியின் குடும்பம் இச்சொற்களின்கீழ் வழக்குத் தொடுக்க முடியுமா? பண்ணை வேலையில் இயந்திரத்தோடு தொடர்புடையவர்களையே பெரிதும் கருத்தில் கொண்ட சட்டம் என்பதால் தடைகள் உண்டு. வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆவணம் வேண்டும். நோய்ச்சான்றிதழில் 'வைரஸ் காய்ச்சல்' என்று எழுதியிருந்தால் அந்த வழக்கு தொடங்கும் முன்னரே முடிந்துவிடும். ஆகவே மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போது நோயின் பெயர், பரிசோதனை முடிவு, கரும்பொருக்கு இருந்த இடம் ஆகியவை சுருக்க அறிக்கையில் எழுதப்பட்டுள்ளனவா என்று உடனிருப்போர் பார்த்து வாங்க வேண்டும்.